மீராமுகைதீன் ருசி பார்த்த தண்ணீர்

சவளக்கடையில் என் வளவுக்கு அடுத்த வளவு, அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடுகிற மீராமுகைதீனுடையது. கல்முனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, சம்மாந்துறை என்று இந்தப் பக்கத்து ஊர்களில் முப்பத்தைந்து வருடமாகக் குழாய் வேலை செய்கிறவர். மோட்டர் பூட்டுவார், தண்ணீர்த் தாங்கி ஏற்றுவார், அடைத்துக்கொண்ட பைப்பைத் திறப்பார். அதெல்லாம் எல்லாரும் செய்கிற வேலைதான். ஆட்கள் அவரைத் தேடி வந்தது வேறொன்றுக்காக. தண்ணீரில் ஏதோ ருசி அடிக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் போய் ஒரு வாய் குடித்துப் பார்த்துக் காரணம் சொல்லிவிடுவார்.

ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். அட்டாளைச்சேனையில் என்னோடு படிப்பித்த ஓர் ஆசிரியையின் வீடு. காலைத் தேத்தண்ணியில் இரும்பு அடிக்கிறது, பின்னேரத் தேத்தண்ணியில் இல்லை, இது என்ன மாயம் என்று அவர் கேட்டார். காக்கா குழாயைத் திறந்து, முதல் வந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சி, நாக்கில் உருட்டி முற்றத்தில் துப்பினார். ஐந்து நிமிடம் குழாயை ஓடவிட்டுவிட்டு மறுபடியும் ஒரு வாய்.

"பழைய கல்வனைஸ் இரும்புப் பைப் டீச்சர். ராவெல்லாம் தண்ணி அதுக்குள்ள அசையாம நிண்டா, கறளும் உள்பூச்சும் தண்ணியில இறங்கிரும். விடிய வாற முதல் வாளியக் குடிக்காம மரத்துக்கு ஊத்துங்க. மறுகா வசதிப்படக்க பைப்ப மாத்துவம்."

அவ்வளவுதான். ஆசிரியைக்கு நிம்மதி. காக்காவுக்கும் முகம் நிறையச் சந்தோசம். தண்ணீருக்கு ஒரு குறை இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் இருந்தால் கையால் செய்கிற வேலை ஒன்று இருக்கும். அவருடைய நம்பிக்கை அது.

மகள் ஸம்றாவைக் கட்டிக்கொடுத்தபோது, எங்கள் வழக்கப்படி கல்முனை வீட்டை அவளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அவரும் மனைவி ஹாஜறா ராத்தாவும் சவளக்கடைக்கு வந்தார்கள். வயல் ஓரத்தில் இரண்டு அறை வீடு. வந்த முதல் வாரமே கிணற்றுத் தண்ணீர் வாளியில் சிவப்புக் கறை வைத்தது. சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி மை போலக் கறுத்தது. காக்கா கொய்யா இலை இரண்டைக் கசக்கி ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் போட்டு எனக்குக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கறுத்துப் போனது.

"இரும்பு எண்டா இப்பிடித்தான் சேர். பயமில்ல, இத எடுக்கலாம்."

இரண்டு நீலப் பிளாஸ்டிக் பரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினார். மேல் பரலில் துளை போட்ட பைப் ஒன்றால் தண்ணீர் மழை மாதிரி விழும். காற்றுப் பட்டதும் இரும்பு செம்மண்ணாகி அடியில் படியும். தெளிந்தது கீழ் பரலில் மணல், சிறுகல், சிரட்டைக்கரி எல்லாம் கடந்து வரும். பத்து நாளில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் கறையும் இரும்பு ருசியும் இல்லாத தண்ணீர் ஆனது. நாங்களும் குடிக்க அங்கிருந்துதான் எடுத்தோம். ஹாஜறா ராத்தா தண்ணீர் குடிப்பதில் பெரிய பிரியக்காரி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் வீட்டுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோவார்.

ஒன்றரை வருடம் கழிந்து, ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்துத் தண்ணீரை வாயில் வைத்த ராத்தா அப்படியே கிளாஸைக் கீழே வைத்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். வேலி விசயமாகக் கதைக்கப் போயிருந்தேன்.

"இஞ்சாருங்க, தண்ணி இரும்படிக்கி."

காக்கா அந்தக் கிளாஸையே எடுத்துக் குடித்தார். நாக்கில் உருட்டினார். என்னிடமும் தந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"மணல் பழசாப் போயிரிக்கும்," என்றார் காக்கா.

அடுத்த நாளே மணலையும் கரியையும் மாற்றினார். ராத்தாவுக்கு அப்போதும் இரும்பு அடித்தது. மேல் பரலைக் கழுவினார். தாங்கியிலிருந்து குசினிக்கு வருகிற பைப்பில் ஒரு துண்டு மட்டும் பழைய இரும்பாக இருந்தது. அதை வெட்டி எறிந்து பிவிசி போட்டார். பித்தளைக் குழாயைக் கழற்றி பிளாஸ்டிக் குழாய் பூட்டினார். ராத்தா ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து ஒரு மிடறு குடித்துப் பார்ப்பார். பிறகு முகத்தைத் திருப்புவார். அலுமினியக் குடத்தில்தான் குற்றமோ என்று மண்பானை வந்தது. கிளாஸும் மாறியது. கல்முனையில் மகள் வீட்டுப் பைப் தண்ணீரைக் கேனில் நிரப்பி மோட்டர் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். அதுவும் இரும்பு. கடையில் விற்கிற போத்தல் தண்ணீர், அதுவும் இரும்பு. கடைசியில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். இரும்பு அனுமதித்த அளவை விட மிகக் குறைவு, குடிக்க உகந்தது என்று தாள் வந்தது. அதை எனக்குக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். இரண்டு தரம் வாசித்தேன்.

"அப்ப எங்கயிரிந்து சேர் வருது?"

எனக்கு என்ன தெரியும்.

அவருக்கும் தெரியாத இடம் அது. முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவை. தெரியாமையை அவரால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அவர்கள் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. அவர் சத்தம் போடுகிற மனிதரே இல்லை.

"தண்ணியில ஒண்டுமில்ல புள்ள! ஒண்ட மனசிலதான் இரிக்கி. ஊரெல்லாம் குடிக்கிற தண்ணி ஒனக்கு மட்டும் இரும்படிக்குமா?"

ராத்தா பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தண்ணீரைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டார்.

என் மனைவி ஆகிலா மட்டும் ஒன்றைக் கவனித்தாள். "ராத்தா மீன் திங்கிறல்ல. இறைச்சி மணத்தாலே ஓங்காளிக்கிறா. சோறும் ரெண்டு வாய்தான். உடம்பு வத்திப்போச்சு." முழங்கால் நோவும் களைப்பும் ராத்தாவுக்கு முன்பே இருந்தன. வயது ஐம்பத்தெட்டு. வயது போகிறது, அதுதான் என்று நாங்களும் நினைத்தோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு வேலி தூரத்தில் இருந்தோம்.

ஸம்றா பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நாற்பது நாள் முடிந்து, கைக்குழந்தையோடு உம்மாவைப் பார்க்க வந்தாள். வாசலில் உம்மாவின் முகத்தைப் பார்த்தவள் பேத்தியை அவர் கையில் கொடுக்கக்கூட இல்லை.

"உம்மா, கண்ணடி எல்லாம் ஏன் இப்பிடி ஊதியிரிக்கி?"

காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்து, எழும்ப நேரம் எடுத்தது. அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரத்தம் எடுத்தார்கள். பின்னேரம் காக்கா எனக்குப் போன் எடுத்தார். குரல் அவருடையது போல இல்லை.

"சேர், கொஞ்சம் வாறீங்களா. டொக்டர் சொல்றது எனக்கு வெளங்குதில்ல."

நான் போனபோது ராத்தாவைப் படுக்கையில் வைத்திருந்தார்கள். டொக்டர் இளம் வயது, நிதானமாகக் கதைக்கிறவர். இரண்டு சிறுநீரகமும் பத்தில் ஒரு பங்குக்குத்தான் வேலை செய்கின்றன என்றார். நீண்ட காலமாகப் பிரஷர் இருந்திருக்கிறது, அது வலிக்காத வருத்தம், ஆட்களுக்குத் தெரிவதில்லை. பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுத்ததா, சிறுநீரகம் கெட்டுப் பிரஷர் வந்ததா என்று இனி உறுதியாகச் சொல்ல ஏலாது.

"சாப்பாட்டில வெறுப்பு வந்ததா? வாயில ஒரு ருசி, உலோகம் மாதிரி, சொன்னாங்களா?"

நான்தான் ஓம் என்றேன். தண்ணீர் இரும்படிக்கிறது என்று சொன்னதைச் சொன்னேன்.

"அது தண்ணியில இல்ல. சிறுநீரகம் வெளிய அனுப்ப வேண்டிய கழிவு ரத்தத்தில தேங்கினா, எச்சிலுக்கும் வரும். அப்ப எதக் குடிச்சாலும் இரும்பு மாதிரித்தான் தெரியும். வேற ஆக்களுக்கும் இந்த ருசி வாறது. சில மருந்து குடிக்கிறவங்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, பல் முரசு கெட்டவங்களுக்கு. அதால இத வச்சு மட்டும் வருத்தத்தக் கண்டுபிடிக்க ஏலாது. எத்தின மாசமா சொல்றாங்க?"

"ஏழு மாசம்," என்றார் காக்கா.

அவர் மணல் மாற்றிய மாதம், பைப் வெட்டிய மாதம், கேன் சுமந்த மாதம் எல்லாம் அந்த ஏழுக்குள் இருந்தன.

"எங்கட கிணத்து இரும்பால வந்ததா டொக்டர்?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது. உங்கட கிணத்து இரும்பு இதுக்குக் காரணமில்ல."

"ஏழு மாசத்துக்கு முதல் கூட்டி வந்திருந்தா?"

டொக்டர் தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். பொய் சொல்ல விரும்பாத மனிதர் என்று நினைக்கிறேன். "கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம். நிப்பாட்டியிருக்க ஏலாது."

காக்கா தலையை ஆட்டினார். வார்ட்டுக்குள் போய் ராத்தாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ராத்தா ஏதோ கேட்டார், காக்கா "ஒண்டுமில்ல" என்றார். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

கிழமைக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் தொடங்கியது. திங்களும் வியாழனும் கல்முனைக்குப் போக வேண்டும். மெசினுக்குப் பக்கத்தில் நான்கு மணி நேரம். இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய், வடிகட்டிக்குள் ஓடி, மறு குழாயால் உள்ளே வரும். காக்கா அந்த நான்கு மணி நேரமும் வெளி வாங்கிலில் உட்கார்ந்திருப்பார். உள்ளே எட்டிப் பார்க்க விட்டால், மெசினின் குழாய்களையும் பொருத்துகளையும் கவனமாகப் பார்ப்பாராம். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அதில ஒரு பொருத்துக் கழண்டாக்கூட நான் தொடக் கூடாது சேர். நேர்ஸம்மாவத்தான் கூப்பிடணும்."

பழகிய வேலையெல்லாம் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது, ஆனால் ஒன்றிலும் கை வைக்க முடியவில்லை.

தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பதாகச் சொன்னார். பரிசோதித்தபோது இரத்தத்தில் சீனி கூடி, அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரிந்தது. எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஸம்றா தன்னுடையதைத் தருவதாகச் சொன்னாள். ராத்தா அந்தக் கதையையே எடுக்க விடவில்லை. "பால் குடிக்கிற புள்ளய வச்சிக்கிட்டு என்ன கத கதைக்கிறா. நான் மவுத்தானாலும் அத எடுக்க மாட்டன்." மகள் அழுதாள். வாப்பா மகளின் பக்கம் கதைப்பதா, மனைவியின் பக்கம் கதைப்பதா என்று தெரியாமல் முற்றத்துக்கு எழுந்து வந்துவிட்டார். தானம் கேட்டுப் பெயர் பதிந்தார்கள். அந்தப் பட்டியல் அப்படியே கிடக்கிறது.

எல்லாவற்றையும் விடக் கொடுமையாக இருந்தது தண்ணீர்தான். சிறுநீர் போவது குறைந்துவிட்டதால், உடம்புக்குள் போகிற தண்ணீர் அங்கேயே தேங்கி நெஞ்சை அடைக்கும். ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர், தேத்தண்ணி, கறிக் குழம்பு எல்லாம் சேர்த்து. விடியக் காலையில் காக்கா அளந்து ஒரு போத்தலில் ஊற்றி வைப்பார். ஏப்ரல் வெயிலில் ராத்தா அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டு உறிஞ்சுவார். தொழுகைக்கு முன் வுழுச் செய்யும்போது வாய் கொப்பளிக்கிற நேரம் வரவரக் கூடியது. காக்கா ஒரு நாள் கிணற்றடியில் நின்று, "புள்ள, விழுங்கிராத" என்றார். ராத்தா துப்பிவிட்டு, "தொழப் போற வாயால களவு செய்வனா" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் வுழுச் செய்யும்போது காக்கா அந்தப் பக்கம் போவதில்லை.

ஆனால் அந்த நாட்களில் ஒரு நல்லது இருந்தது. டயாலிசிஸ் முடிந்து வருகிற நாளில் தண்ணீருக்கு இரும்பு இல்லை. வீட்டுக்கு வந்ததும் காக்கா அரைக் கிளாஸ் கொடுப்பார். ராத்தா மெதுவாகக் குடித்து, "நல்லா இரிக்கி" என்பார். இரண்டாம் நாள் கொஞ்சம் மாறும். மூன்றாம் நாள் முழு இரும்பு. பிறகு மறுபடியும் மெசின். இப்படிக் கிழமைக்கு இரண்டு நாள் தண்ணீர் தண்ணீராக இருந்தது.

வேலைக்குப் போகிற வீடுகளிலும் காக்கா மாறிப்போனார். தண்ணீர் இரும்படிக்கிறது என்று யாராவது சொன்னால், குழாயைத் திறக்க முன்னம் ஒரு கேள்வி கேட்பார்: "வீட்டில எல்லாருக்குமா, ஒராளுக்கு மட்டுமா?" ஒருவருக்கு மட்டும் என்றால் கிளினிக்குக்குப் போகச் சொல்வார். சம்மாந்துறையில் ஒரு வீட்டுக்காரர் கோபப்பட்டாராம். பைப் பார்க்கக் கூப்பிட்டால் வருத்தம் சொல்கிறார் என்று. பிறகு அந்த வீட்டுக்கு வேறொருவரை எடுத்தார்கள்.

நவம்பரில் மழை பிடித்தது. நாலாம் நாள், கல்முனைக்குப் போகிற வழியில் ஆற்றின் மேல் தாழ்வாகப் போட்ட கிட்டங்கித் தாம்போதி தண்ணீருக்குள் போய்விட்டது. வருடா வருடம் போகிறதுதான். ரோட்டை மூடிப் படகு விடுவார்கள். இந்த முறை தண்ணீரின் இழுவை கூடியதால் படகையும் நிறுத்திவிட்டார்கள். அன்று வியாழன். ஹாஜறா ராத்தா மெசினுக்குப் போக வேண்டிய நாள்.

காக்கா காலையிலிருந்து நான்கு முறை தாம்போதிக்குப் போய்வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். தண்ணீரைக் குறையுங்கள், பழம் கொடுக்க வேண்டாம், வழி திறந்த உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள். வெள்ளியும் அப்படியே போனது. போத்தலில் பாதியைக் குறைத்தார். ராத்தாவுக்குப் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து இருந்தார். காக்கா பக்கத்தில் விசிறியோடு இருந்தார். வெளியே வாய்க்காலும் வயலும் ரோட்டும் ஒன்றாகிக் கிடந்தன.

சனி மத்தியானம் படகு மறுபடி ஓடுகிறது என்று செய்தி வந்தது. எங்கள் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். வயல்காரர் சீனித்தம்பி தன் டிரக்டரைக் கொண்டுவந்து முற்றம் வரை விட்டார். அவர் வீட்டு மோட்டரைப் பூட்டியவர் காக்காதான். ராத்தாவை உட்கார வைத்த கதிரையோடு தூக்கிப் பின்னால் பூட்டிய பெட்டியில் வைத்தோம். நானும் ஏறினேன். சீனித்தம்பி மெதுவாக, ஒரு பள்ளத்திலும் விழாமல் கொண்டுபோனார்.

"பயப்படாதீங்க தங்கச்சி, இந்தா வந்திட்டுது," என்று அவர் திரும்பித் திரும்பிச் சொன்னார். ராத்தாவுக்கு மூச்சு இழுத்தது. கையை மட்டும் அசைத்தார்.

படகில் காக்கா அவரை நெஞ்சோடு சாய்த்து வைத்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. இழுவையில் படகு சரிந்து சரிந்துதான் போனது. காக்கா தண்ணீரைப் பார்க்கவே இல்லை. ராத்தாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, வாய்க்குள் கலிமா சொல்லிக்கொண்டு இருந்தார். அக்கரையில் அம்புலன்ஸ் நின்றது.

அன்று ராத்தா தப்பினார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தார். டொக்டர், இதயமும் களைத்துவிட்டது என்றார். மழைக் காலத்தில் கல்முனையிலேயே இருங்கள் என்று ஸம்றா கெஞ்சினாள். மகளுக்குப் பாரமாக இருக்க ராத்தா சம்மதிக்கவில்லை.

வந்து சில நாளில் அவர் ஆகிலாவிடம் சொல்லியிருக்கிறார்: "இப்ப ரத்தம் சுத்தம் செய்யிற நாளிலயும் இரும்புதான் புள்ள. ஒரு நாளும் மாறுதில்ல. அவருக்குச் சொல்லிராத."

ஆகிலா எனக்குச் சொன்னாள். நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். திங்களும் வியாழனும் அவர்கள் திரும்பி வருவதை வேலிக்கு மேலால் பார்ப்பேன். காக்கா அரைக் கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்து, தண்ணி எப்பிடி என்று கேட்பார். ராத்தா குடித்து, "நல்லாத்தான் இரிக்கி" என்பார்.

போன கிழமை காக்கா எங்கள் வீட்டு மோட்டரைப் பார்க்க வந்தார். வேலை முடிந்து, கை கழுவி, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அவ பொய் சொல்றா சேர். முப்பத்தஞ்சு வருசமா ஆக்கள் தண்ணி குடிக்கிற முகத்தப் பாத்துக்கிட்டு வாறன். எனக்குத் தெரியாதா."

"அப்ப ஏன் காக்கா ஒவ்வொரு முறையும் கேக்கிறீங்க?"

"கேக்காட்டி, எனக்குத் தெரியுமெண்டு அவவுக்குத் தெரிஞ்சிரும்."

கிளாஸை வைத்துவிட்டு, ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டு எழுந்தார். அடுத்த நாள் திங்கள். ஏழு மணிக்கு ஆட்டோ வந்தது. அவர் முதலில் ஏறி உட்கார்ந்து, உள்ளே இருந்தபடி கையை நீட்டி ராத்தாவைப் பிடித்து ஏற்றினார்.